குனியாமல் பிடித்த கோட்டை

முத்துராமலிங்கம் கோட்டைக்குள் நுழைந்தால் நடுவழியில்தான் நடப்பார். பதுங்குவது, ஒதுங்குவது, எதிரியைக் கண்டு நாலடி பின்னால் போவது எதுவும் அவரிடம் கிடையாது. அதனால்தான் அந்தக் கோட்டைக்குள் அவருடைய ஆள் ஒவ்வொரு மத்தியானமும் செத்துக்கொண்டிருந்தான்.

கோட்டை இருந்தது டி.வி.க்குள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மூத்த மகன் முனியசாமி, தொண்ணூற்றேழாம் வருடப் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன வீடியோ கேம். சிவப்புத் தலைப்பாகை கட்டிய குட்டி வீரன் ஒருவன் காடும் ஆறும் தாண்டி ஓடி, கடைசியில் ஒரு கருங்கல் கோட்டைக்குள் புகுந்து, அங்கே குடியிருக்கும் பூதத்தை வெட்டிவிட்டுத் தன் கொடியை ஏற்ற வேண்டும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் கண்மாய்ப் பாசனத்தில் நிலபுலன் உள்ளவர், ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாக உட்காருகிறவர், இந்தச் சமாச்சாரத்தைத் தொடுவார் என்று வீட்டில் யாரும் நினைக்கவில்லை. மகள் சண்முகவள்ளி ஆடிக்கொண்டிருந்தபோது, “என்ன கருமம் இது?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்தால் நாற்காலி தானாக டி.வி. முன்னால் வந்துவிடும்.

காட்டையும் ஆற்றையும் சீக்கிரமே தாண்டிவிட்டார். கோட்டையில்தான் நின்றுபோனது. உள்ளே பாதி தூரத்தில் இரண்டு பக்கமும் சுவர் வைத்த ஒரு நீளமான நடை. அதன் கூரை முழுக்க இரும்பு ஆணிகள். வீரன் கால் வைத்ததும் கூரை சரசரவென்று இறங்கும். ரிமோட்டில் கீழ் பட்டனை அமுக்கினால் வீரன் தலையைத் தாழ்த்தித் தவழ்ந்து தப்பித்துவிடுவான்.

“அய்யா, குனிங்க! கீழ அமுக்குங்க!” என்று சண்முகவள்ளி கத்துவாள்.

“நம்ம ஆளு குனிய மாட்டான்.”

“அது நம்ம ஆளு இல்லய்யா, பொம்மை.”

“ரிமோட்டு யாரு கையில இருக்கோ அவன் ஆளுதான் அது. அடுத்தவன் கோட்டைக்குள்ள தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போயி, பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன?”

கூரை இறங்கும். வீரன் நிமிர்ந்தபடியே நசுங்குவான். முத்துராமலிங்கம் மீசையைத் தடவிக்கொண்டு மறுபடியும் வாசலிலிருந்து தொடங்குவார்.

குனிய மாட்டேன் என்றதில் ஒரு லாபமும் இருந்தது. வேறு வழி உண்டா என்று பார்ப்பதற்காக, நடைக்கு முன்னால் இருந்த ஒரு கல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை. எந்தத் தீப்பந்தம் விழும், எந்தத் தூணுக்குப் பின்னால் வௌவால் இருக்கும் என்பதெல்லாம் அத்துப்படி. மேற்குச் சுவரில் ஓரிடத்தில் குதித்து முட்டினால் கல் விலகும், உள்ளே ஓர் அறை, அறைக்குள் ஒரு தங்கக் கேடயம். அதை எடுத்தவனைப் பூதம் மூன்று முறை அடித்தாலும் சாக மாட்டான். வாசலிலிருந்து ஆணி நடை வரைக்கும் தவழ்ந்தோடுகிற சண்முகவள்ளிக்கே அந்த அறை தெரியாது.

ஆடி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சிப்புளியிலிருந்து தங்கை நாகலெட்சுமியும் அவள் புருஷன் மூக்கையாவும் வந்து இறங்கினார்கள். அவர்கள் மகன் மலையாண்டிக்குத்தான் சண்முகவள்ளியைப் பேசி, பரிசமும் போட்டாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். நாள் குறித்தாயிற்று, சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. பத்திரிகை மட்டும் அச்சுக்குப் போகவில்லை. கல்யாணத்தை எங்கே வைப்பது என்பதில் முத்துராமலிங்கமும் மூக்கையாவும் இறங்கி வரவில்லை.

இந்த வீட்டில் பிறந்த பெண் யாராக இருந்தாலும் இந்த வாசல் பந்தலில்தான் தாலி ஏறியிருக்கிறது. முத்துராமலிங்கத்தின் அத்தைமார்களுக்கு அப்படி, தங்கை நாகலெட்சுமிக்கும் அப்படி. தன் காலத்தில் அது மாறியது என்று நாளைக்கு ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது. அதுதான் அவருக்குப் பெரிய கவலை.

“மச்சான், எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒரு கல்யாணம் நடந்ததில்ல,” என்றார் மூக்கையா, சாப்பிட்டுக் கை கழுவியதும். “எங்கய்யா என் கல்யாணத்தை உங்க வாசல்ல வந்து நின்னுதான் பாத்தாக. இருக்கிறது ஒரே மகன். அவன் கல்யாணத்தையாவது எங்க வாசல்ல பாக்க வேண்டாமா?”

“வந்து நின்னு பாத்தாகளா? முதல் பந்தியில உக்கார வச்சு, நானே விசிறி விட்டேன் மாப்ளே.”

“விசிறினீக. அதைச் சொல்லிக்காட்டியே இத்தனை வருசமா எனக்கு விசிறிக்கிட்டு இருக்கீக.”

அடுக்களையிலிருந்து நாகலெட்சுமி சத்தம் போட்டாள்: “ரெண்டு பேரும் இப்படியே பேசிக்கிட்டு இருங்க. பிள்ளைக ரெண்டும் பஸ்ஸுலயே மாலை மாத்திக்கிறட்டும்.”

மூக்கையாவின் கண் டி.வி.க்குக் கீழே இருந்த ரிமோட்டுகளில் விழுந்தது.

“அட, இந்தக் கோட்டை விளையாட்டு உங்க வீட்டுலயும் இருக்கா? மலையாண்டியும் வச்சிருக்கான். பூதம் வரைக்கும் போயிருக்கேன் நான்.”

முத்துராமலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பூதம் வரைக்குமா?”

“மச்சான் எது வரைக்கும்?”

முத்துராமலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சண்முகவள்ளி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே திரும்பினாள்.

“ஒண்ணு செய்வோம்,” என்றார் மூக்கையா. “யாரு கோட்டையைப் பிடிக்கிறாகளோ, அவுக வாசல்ல கல்யாணம். சம்மதமா?”

சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லி எழுந்திருக்கலாம். ஆனால் எழுந்தால் பயந்து எழுந்ததாக ஆகிவிடும். முத்துராமலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். “சம்மதம். போடு தாயி அந்தச் சனியனை.”

முதல் ஆட்டம் மாப்பிள்ளை வீட்டுக்கு. மூக்கையா வெட்கமே படாமல் விளையாடினார். வௌவாலைக் கண்டால் ஓடினார், பந்தம் விழுந்தால் பதுங்கினார், ஆணி நடையில் பட்டனை அமுக்கித் தரையோடு தரையாகத் தவழ்ந்தார்.

“பாரு, பாரு, பல்லி மாதிரி,” என்றார் முத்துராமலிங்கம்.

“பல்லி போயிச் சேந்துருச்சுல்ல மச்சான்?”

சேர்ந்துவிட்டது. ஆனால் பூதம் வாளை ஓங்கி ஒரே வெட்டில் கதையை முடித்தது. இப்படியே இருவரும் மாற்றி மாற்றிச் செத்தார்கள். மூக்கையா பூதத்திடம், முத்துராமலிங்கம் ஆணியிடம். கடைசியில் மூக்கையாவுக்கு உயிர் தீர்ந்தது. முத்துராமலிங்கத்துக்கு ஒன்று மிச்சம்.

அவர் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தார். ஒரு பட்டன். அமுக்கினால் வாசலில் பந்தல். அமுக்கலாம்தான். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அதுவும் மூக்கையாவின் கண் முன்னால், அமுக்க விரல் வரவில்லை.

சண்முகவள்ளி வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அய்யா, இடது பக்கத்தை என்கிட்டக் குடுங்க. நடக்கிறதும் குனியிறதும் என் கை. குதிக்கிறதும் வெட்டுறதும் உங்க கை.” பிறகு மூக்கையாவைப் பார்த்தாள். “மாமா, நானும் பிடிச்சுக்கிறவா?”

“தாராளமா பிடி தாயி,” என்றார் மூக்கையா. கேட்டு வாய் மூடும் முன் சொல்லிவிட்டார்.

ஒரே ரிமோட்டை இருவரும் பிடித்தார்கள். “மேற்கால போ,” என்றார் அப்பா. “அங்கன என்னய்யா இருக்கு, வெறும் செவரு.” “போன்னா போ.” அவர் குதித்து முட்டினார். கல் விலகியது, கேடயம் பளபளவென்று வந்தது. மூக்கையா, “இது எங்கிட்டு இருந்து வந்துச்சு?” என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ஆணி நடை வந்தது. முத்துராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் தொங்கிய தினக் காலண்டரைப் பார்த்தார். “முடிஞ்சதும் சொல்லு,” என்றார். சரசரவென்று கூரை இறங்கிய சத்தமும் ஏறிய சத்தமும் கேட்டது. “முடிஞ்சுருச்சுய்யா.” திரும்பினார். எதிரே பூதம்.

அது ஒரு முறை அடித்தது, இரண்டு முறை அடித்தது. கேடயம் தாங்கியது. மகள் முன்னால் நகர்த்த நகர்த்த அப்பா வெட்டினார். பூதம் புகையாகப் போனது. சிவப்புக் கொடி ஏறியது, டி.வி. மேளம் கொட்டியது. அடுக்களையிலிருந்து நாகலெட்சுமி கரண்டியோடு ஓடிவந்தாள்.

“என் வாசல்,” என்றார் முத்துராமலிங்கம். “நான் குனியவும் இல்லை. பாத்தீகள்ல?”

“பாத்தேன் மச்சான். அருமையா இருந்துச்சு,” என்று மூக்கையா நிதானமாக வெற்றிலையை எடுத்தார். “ஆணி நடையில ஆளைக் குனிய வச்சுக் கடத்துனது யாரு கை?”

“என் மகள் கை.”

“பரிசம் போட்ட அன்னைக்கு வெத்தலை மாத்துனதும் சபையில எந்திரிச்சு நீங்க என்ன சொன்னீக? ‘இந்த நேரத்துல இருந்து இவ உங்க வீட்டுப் பொண்ணு, தாலி சும்மா ஊருக்குக் காட்டுறதுக்கு’ன்னு சொன்னீகளா இல்லையா? கைதட்டுனாகள்ல? அப்ப அந்தக் கை எந்த வீட்டுக் கை?”

முத்துராமலிங்கம் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். சொன்னது சொன்னதுதான். இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் இருக்கையில், யாரும் கேட்காமல், நெஞ்சை நிமிர்த்திச் சொன்னது.

“பாதிதான் அவ. மிச்சப் பாதி நானு,” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

“அப்ப பிள்ளையவே கேட்டுருவோம்,” என்றாள் நாகலெட்சுமி.

“என்னைக் கேக்காதீக அத்தை,” என்றாள் சண்முகவள்ளி. “நான் எந்த வீட்டுப் பொண்ணுன்னு சபையில சொன்னது அய்யா. அந்தப் பேச்சு இருக்கா இல்லையான்னு அய்யாதான் சொல்லணும்.”

அவளுடைய அம்மா உலகம்மாள் வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். முத்துராமலிங்கத்தின் பேச்சு இல்லை என்று ஆனதை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

முத்துராமலிங்கம் ரிமோட்டைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார், பந்தல்கால் நட வேண்டிய இடத்தைப் பார்த்தார். “வாசல் இன்னைக்கு இருக்கும் நாளைக்கு இருக்கும். பேச்சு அப்படியில்ல,” என்றார். “உச்சிப்புளியிலயே வச்சுக்குவோம் மாப்ளே.”

மூக்கையா சிரிக்கவில்லை. எழுந்துவந்து இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஆனா எங்க ஊரு சனம் பஸ்ஸ விட்டு இறங்கையில மேளம் ரோட்டுல வந்து நிக்கணும். நீங்க முன்னால நின்னு, ஒவ்வொருத்தரையும் தலை தாழ்த்திக் கூப்பிடணும்.”

“அதுக்கென்ன மச்சான். குனியத்தான் எனக்கு நல்லா வருமே, பாத்தீகள்ல?”

உலகம்மாள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அடக்க யாராலும் முடியவில்லை, முத்துராமலிங்கத்தின் மீசை உட்பட.

மறுநாள் ராமநாதபுரத்தில் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கப் போனபோது, அச்சகக்காரர் தாளைப் பார்த்துவிட்டு புருவத்தைச் சுருக்கினார். “அண்ணாச்சி, உங்க குடும்பத்துல எப்பவும் பொண்ணு வீட்டுலதான வைப்பீக? இங்க உச்சிப்புளின்னு போட்டிருக்கே?”

“இப்பவும் பொண்ணு வீட்டுலதான் வைக்கிறோம்,” என்றார் முத்துராமலிங்கம். “ஊரு உச்சிப்புளி. எழுத்தைக் கொஞ்சம் பெருசாவே போடுங்க.”