சுகுணாவுக்குக் கொடுத்த மெமோ

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனி ஒன்றில் சுகுணாவின் கைவேகத்தை யாரும் மிஞ்சியதில்லை. உத்தனப்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவள். சர்க்கரை நோய் இருந்தது. வெளியே தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று மாத்திரையை ஒளித்து வைத்துத்தான் விழுங்குவாள்.

ஆடி மாதம் அவள் கட்டிய ஒயர்கள் திரும்பி வந்தன. நீலம் போக வேண்டிய இடத்தில் பச்சை. லைன் லீடர் சுரேந்தர் அவற்றை அவள் மேசையில் போட்டான்.

"இது என்னா கலருக்கா?"

"நீலம்."

பக்கத்து மேசை ஜெயப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள்.

சுகுணா அதையும் ஒரு நீல ஒயரையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. "சாயம் சரியில்லாத சரக்கு. ஸ்டோர்ல போய்க் கேளு" என்றாள்.

கம்பெனி நர்ஸிடம் அனுப்பினார்கள். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரை வாசித்தாள். கண்ணில் குறையில்லை என்றாள் நர்ஸ். அப்படியானால் கவனக்குறைவுதான் என்று மெமோ கொடுத்து, எல்லார் முன்னாலும் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்த ஒரு வார்த்தை அவளுக்குச் செரிக்கவில்லை. லீவு போட்டுக் கிருஷ்ணகிரி போனாள். கண் டாக்டர் வண்ண வில்லைகளைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னார். அடுக்கியதைப் பார்த்துவிட்டு, "சுகர் இருக்கா?" என்றார்.

தலையாட்டினாள்.

"சுகர்னால சிலருக்கு இப்படி ஆகும்மா. எழுத்து நல்லாத் தெரியும், நீலமும் பச்சையும் குழம்பும். உங்க மேல தப்பில்ல."

"அதையே எழுதிக் குடுங்க சார்."

கணவன் விஜயகுமார் தடுத்தான். "அதக் கொண்டுபோய்க் காட்டாத. மெமோவோட போவட்டும்."

"கவனமில்லாதவன்னு எழுதியிருக்காங்கோ. எனுக்கு அந்தப் பேரு வாணாம்."

எச்.ஆர். அதிகாரி டாக்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தார். மெமோவைக் கிழித்துக் கூடையில் போட்டார். "சாரிம்மா, உங்க தப்பே இல்ல" என்றார். பிறகு அதே கனிவான குரலில், நிறம் தெரியாதவரை லைனில் வைக்க முடியாது, நோயைச் சொல்லாமல் இருந்ததும் குற்றம், இன்றோடு நின்றுகொள்ளுங்கள் என்றார்.

"கூட்டிப் பெருக்கவாவது விடுங்க சார்."

"அது காண்ட்ராக்ட்காரங்க வேலைம்மா."

சாப்பாட்டுப் பையை எடுக்க வந்தவளிடம் ஜெயப்ரியா மெல்லக் கேட்டாள்.

"மெமோ என்னாச்சுக்கா?"

"கிழிச்சிட்டாங்கோ."

"நல்லதாப் போச்சு" என்று ஜெயப்ரியா சிரித்தாள். சுகுணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கேட்டில் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். ஷிஃப்ட் முடியாததால் பஸ் இல்லை. ராயக்கோட்டை ரோட்டை நோக்கி வெயிலில் நடந்தாள்.