மூன்றாம் ஓலை

நாலு பேர் எதிரில் நின்றால் போதும், எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனைத் தாம்பரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலுக்குச் செயலாளராக்கினார்கள். கையெழுத்து அழகாம்! 1968 பிப்ரவரியில் போதகருக்குத் தொண்டையில் ஆபரேஷன். பிரசங்கத்துக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அறிவிப்பு வாசிப்பது என் தலையில் விழுந்தது.

முதல் ஞாயிறு இரண்டு வரி வாசிப்பதற்குள் சட்டை நனைந்து, பெயர்கள் குளறி, பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். அன்றைக்கே ராஜினாமா எழுதியிருப்பேன். பாடகர் குழுவில் பாடும் தபீதாள் விடவில்லை. மாடம்பாக்கத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர் அவள். அதட்டாமல் பேச வராது.

சனிக்கிழமைதோறும் பாட்டுப் பயிற்சி முடிந்ததும் என்னைக் காலிப் பெஞ்சுகளுக்கு முன்னால் நிறுத்தினாள். "தரையைப் பாக்காதீங்க, கடைசி ஜன்னலைப் பாருங்க. ரயில் சத்தம் வந்தா நிறுத்திடுங்க. ஜனங்க ரயிலைத் திட்டட்டும்."

அவள்மேல் எனக்கு உயிர். அவளுக்கும் அப்படித்தான் என்பது ஒரு நாள் தெரிந்தது. "இதே மாதிரி எங்கப்பாகிட்டயும் வந்து பேசணும் நீங்க" என்றாள், ஆர்மோனியத்தைத் துடைத்துக்கொண்டே. அவள் அப்பா சுவிசேஷமுத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். தோத்திரம் சொன்னாலே உச்சரிப்பைத் திருத்துவார்.

"இன்னும் ஒரு மாசம் பழகிக்கிறேனே" என்றேன். மடையன்.

அந்த ஒரு மாதத்துக்குள் அரக்கோணத்திலிருந்து அவளுக்கு வரன் வந்து, பேசி முடித்தும் விட்டார்கள். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசித்து எல்லாருக்கும் தெரிவிப்பது எங்கள் வழக்கம். சுவிசேஷமுத்தே அதை எழுதிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "தெளிவா வாசிங்க தம்பி."

"சரிங்க சார்" என்றேன். ஓலையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

தன் ஓலை வாசிக்கிற ஞாயிறு எந்தப் பெண்ணும் கோயில் பக்கம் வரமாட்டாள், வெட்கம். தபீதாள் வந்தாள். பாடகர் குழுவோடு நிற்காமல், பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள். தான் பழக்கியவன் எப்படி வாசிக்கிறான் என்று கேட்க வந்திருக்கிறாள் என நினைத்தேன். நெஞ்சு வெடித்தாலும் அவளுக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்று வாசித்தேன்.

"இந்தச் சபையைச் சேர்ந்த தபீதாளுக்கும், அரக்கோணம் சபையைச் சேர்ந்த சத்தியநாதனுக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இதற்குத் தடை அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்."

அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டும். நிறுத்தினேன். மின்விசிறிகள் சுற்றின. யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான்.

இரண்டாம் ஞாயிறும் வந்தாள். மூன்றாம் ஞாயிறும் வந்தாள். ஓர் எழுத்துகூடப் பிசகாமல் வாசித்தேன். ஆராதனை முடிந்து சபையார் என் கையைக் குலுக்கினார்கள். "பரவாயில்லையே ஞானஜோதி, தேறிட்டீங்க!"

கூட்டம் கலைந்தபின் தபீதாள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

"நல்லா வாசிச்சீங்க."

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"மூணு வாரமும் நான் எதுக்கு வந்தேன்னு நினைச்சீங்க?"

"என் வாசிப்பைக் கேக்க."

அவள் கண் நிறைந்துவிட்டது. அதட்டத்தான் பார்த்தாள், முடியவில்லை. "ஒரு வாரமாவது என் பேர்கிட்ட வரும்போது உங்களால வாசிக்க முடியாமப் போகும்னு வந்தேன். அதை எங்கப்பா பாப்பாருன்னு வந்தேன்."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு அவள் அம்மா கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.