தோற்றவர் வீசும் துணி

பதினான்கு விநாடியில் ஓடி முடிக்க வேண்டிய கால் மைல் தூரத்தை, வெல்டிங்காரரின் வெள்ளைக் கார் ஆயிரத்து எழுநூற்று அறுபது நாளில் ஓடி முடித்தது. சராசரியாக நாளுக்கு ஒரு சாண். நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கும் வண்டி என்பதால் முதல் மாதம் நகத்தளவுதான் நகர்ந்தது. கடைசி மாதம் நாளுக்கு ஒரு முழம் போயிற்று. இந்தக் கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவருடைய மனைவி தினமும் காலையில் தன் கடையைத் திறப்பதற்கு முன் அங்கே போய், முன்சக்கரத்தின் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வந்தாள். கார்களுக்கு சீட் கவர் தைப்பது அவள் தொழில். அளவு எடுப்பதில் தப்பு செய்ய மாட்டாள்.

டிவி சேனல் வருவதற்கு முன்பு இந்தக் கால் மைல் பந்தயம் வெறும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. விமானம் இறங்குவது நின்றுபோன பழைய ஓடுதளம் ஒன்று ஊருக்கு வெளியே கிடந்தது. அதில் இரண்டிரண்டு வண்டியாக ஓடுவார்கள். ரொட்டி வண்டி ஓடியது, டாக்சி ஓடியது, பள்ளி வேன் ஓடியது. ஒரு முறை அமரர் ஊர்தி ஓடி ஜெயித்தது. ஓட்டியவர் வெட்கப்பட்டு வீட்டில் சொல்லவில்லை. பரிசு கிடையாது. சட்டம் ஒன்றே ஒன்றுதான். தோற்றவர் அந்தக் கால் மைலையும் நடந்து போய், கல், ஆணி, படுத்திருக்கும் நாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்திவிட்டுத் திரும்பி நடந்து வந்து, அடுத்த இருவர் புறப்படுவதற்குத் துணி வீச வேண்டும். எண்ணெய்க் கை துடைக்கிற பழைய மஞ்சள் துணி அது. நடக்காதவர் அதை வீசக் கூடாது. நடந்து வருவதற்குள் தோற்ற கோபமும் ஆறிவிடும். அவள் மறுமுனையில், முடிவுக் கோட்டில், ஸ்டாப்வாட்ச்சோடு நிற்பாள். ஜெயித்தாலும் தோற்றாலும் வெல்டிங்காரர் இறங்கியதும் அவளிடம் கேட்கும் முதல் வார்த்தை, “எவ்வளவு?”

சேனல் முதலில் ஒரே ஒரு காமிராவோடு வந்தது. மைக் பிடித்தவர் எல்லோரையும் அண்ணே, அக்கா என்றார். அவருக்கு மைக்குக்காரர் என்று பெயராயிற்று. அடுத்த மாதம் தகரத் தடுப்பு வந்தது. அதற்கடுத்த மாதம் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்க டிக்கெட் வந்தது. ஜெயித்தவரை, வெயில் சரியில்லை என்று, இன்னொரு முறை ஜெயிக்கச் சொன்னார்கள். மாமன் மச்சானான இரண்டு டாக்சிக்காரர்களை ஜென்மப் பகையாளிகள் என்று அறிமுகம் செய்தார்கள். வருடம் திரும்புவதற்குள் அவர்கள் உண்மையாகவே அப்படி ஆகி, ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மற்றவர் போகவில்லை. பள்ளி வேன் பார்க்க நன்றாக இல்லை என்று நீக்கப்பட்டது. தோற்றவர் நடப்பதைத்தான் அவர்களால் தாங்கவே முடியவில்லை. ஒரு மனுஷன் குனிந்து கல் பொறுக்குவதை எவன் பார்ப்பான் என்று மைக்குக்காரர் கேட்டார். அந்த நேரத்துக்கு ஷாம்பு விளம்பரம் போட்டார்கள். ஆனாலும் தோற்றவர்கள் நடந்தார்கள்.

அந்த ஞாயிறு, துணி முந்தின ஓட்டத்தில் தோற்ற டயர் கடைக்காரர் கையில் இருந்தது. பஞ்சர் என்பது அவருடைய பட்டப்பெயர். ஓடத் தயாராக நின்றவர்கள் வெல்டிங்காரரும் ரொட்டிக்காரரும். முதல் முறையாக நேரலை. அவள் நின்ற முனையிலிருந்து தொடக்கக் கோட்டில் ஆட்கள் எறும்பு மாதிரிதான் தெரிந்தார்கள். பின்சக்கரப் புகை எழுந்ததும் ஸ்டாப்வாட்ச்சை அமுக்கினாள். பிறகுதான் கண்ணில் பட்டது: கணவனின் தடத்தில், நட்டநடுவே, ஒரு காமிராக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வருகிற காரை நேருக்கு நேராகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கத்தினாள். அதே நேரத்தில் ஸ்டூடியோவில் யாரோ ஒருவர், காட்சி அழகாக இருக்கிறதே என்று, நேரலையையே ஸ்லோமோஷனில் விட்டார். கார் அதற்குக் கட்டுப்பட்டது. காமிராவில் விழாத ரொட்டிக்காரர் மட்டும் பதினாறு விநாடியில் வந்து சேர்ந்தார். உட்கார்ந்திருந்த காமிராக்காரர் எழுந்து, பின்பக்கத் தூசியைத் தட்டிவிட்டு, டீ குடிக்கப் போனார்.

மறுநாள் சேனல் ஊருக்கே சொன்னது: துணி வீசாமலேயே அந்த ஆள் புறப்பட்டார், எங்கள் ஊழியர் மேல் ஏற்றப் பார்த்தார். துணியைத் தேடினால் காணோம். தொடக்கக் கோட்டருகே அன்று நின்றவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேருக்கும் அடுத்த வாரமே சேனல் பெயர் போட்ட மேலங்கி கிடைத்தது. ஒருவருக்கும் எதுவும் ஞாபகம் வரவில்லை. கொலை முயற்சி என்று வழக்கு எழுதினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வாகனத்தில் இருப்பவரைக் கைது செய்ய வழி தெரியாததால், முடிவுக் கோட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கான்ஸ்டபிளை உட்கார வைத்தார்கள்.

அவள் ரொட்டிக்காரரிடம் போனாள். “துணி விழுந்தத பாத்தேம்மா, சத்தியமா. கை யாருதுன்னு பாக்கல. ஓட்டறவன் துணியத்தான் பாப்பான், கையயா பாப்பான்?” என்றார் அவர். பாதி சாட்சி செல்லாது என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினார்கள். அவள் பஞ்சரிடம் போனாள். அதற்குள் சேனல் அவரை நிபுணர் என்று ஒரு நாற்காலியில் உட்கார வைத்திருந்தது. “நான் வீசலக்கா. அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க,” என்று அவர் தரையைப் பார்த்தார். “அப்ப துணி தானா பறந்துச்சா? ஊரு டயருக்கெல்லாம் காத்தடிக்கறவரு, வாயத் தொறந்தாலும் வெறுங்காத்துதான் வருது,” என்று கேட்டுவிட்டு வந்தாள். அன்று தையல் மெஷினில் நான்கு ஊசி உடைந்தது. பஞ்சர் தன் காரை சீட் கவருக்கு அனுப்பியபோது, பழைய கவரையும் கிழித்து வெறும் பஞ்சோடு திருப்பி அனுப்பினாள்.

வருடங்கள் போயின. பின்சக்கரப் புகை ஒரு தலையணை அளவுக்கு ஏழு மாதம் அங்கேயே நின்றது. வெல்டிங்காரர் ஒரு முறை கண் சிமிட்ட ஒன்றரை மாதம் ஆயிற்று. நெற்றியில் கிளம்பிய வியர்வைத் துளி தாடைக்கு வந்து சேர இரண்டு வருடம். அவருக்குப் பசி இல்லை, தாடி வளரவில்லை. அவள்தான் கண்ணாடியைத் துடைத்தாள், மழைக்குத் தார்ப்பாய் பிடித்தாள். காருக்கு முன்னால் கிடக்கும் கல்லைப் பொறுக்க அந்தக் கால் மைலையும் தினமும் நடந்தாள். நடந்தால் கோபம் ஆறும் என்பது அவள் விஷயத்தில் பொய்யாயிற்று. பள்ளிக்கூடத்தில் மகளை ஸ்லோமோஷன் என்று கூப்பிட்டார்கள். உங்கப்பா எப்ப வருவாரு என்று கேட்டவர்களிடம் மகள், “வந்துட்டே இருக்காரு” என்றாள். உண்மையும் அதுதான்.

சேனலுக்கு நல்ல காலம். மற்ற பந்தயங்களை நிறுத்திவிட்டு, காரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பும் படிக்கட்டு இருக்கைகளும் போட்டார்கள். கார் ஒரு சாண் நகர்வதைப் பார்க்கக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மைக்குக்காரர் ஒரு நாள் கடைக்கே வந்து, “அக்கா, கொஞ்சம் அழுதீங்கன்னா நல்லாருக்கும்,” என்றார். “நீங்க முதல்ல அழுது காட்டுங்க தம்பி, பாத்துக் கத்துக்கறேன்,” என்று அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் வருடத்தில் வெல்டிங்காரரின் வாய் திறக்கத் தொடங்கியது. சிரிக்கப் போகிறார் என்று சேனலில் நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். சரியாகச் சொல்பவருக்குப் பரிசு அறிவித்தார்கள். அவளுக்குத் தெரியும். கேட்காமல் யாராவது வெல்டிங் மெஷினில் கை வைத்தால் அவருக்கு வாய் இப்படித்தான் போகும். பஞ்சர் காரின் அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திக்கொண்டார். மைக்குக்காரர் வந்தார், ஆனால் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

ஐந்தாம் வருடம், முடிவுக் கோட்டுக்குச் சில முழம் முன்பாக, பாதுகாப்பு என்று சொல்லிச் சுவர் எழுப்பினார்கள். கார் அங்கேயே நின்றுவிட்டால் நிகழ்ச்சி முடியாமல் ஓடும். அவள் சிமெண்ட் சட்டியைப் பிடுங்கி எறிந்தாள். கான்ஸ்டபிள் அவளைத் தூக்கி ஓரமாக உட்கார வைத்தார். ஓட்டம் முடியாமல் பாதையை மூடக் கூடாது என்று ரொட்டிக்காரர் சொல்லிப் பார்த்தார். பிறகு பேசுவதை விட்டுவிட்டு, தன் வண்டியை எடுத்து வந்து ஈரம் காயாத சுவரின் மேல் ஏற்றினார். சேனல் அதையும் ஸ்லோமோஷனில் காட்டியதால் சுவர் விழ மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை ஊருக்கு ரொட்டி வரவில்லை. ஒருவரும் குறை சொல்லவில்லை.

கடைசி நாளும் நேரலைதான். மேலங்கிக்காரர்கள் அனைவரும் வந்திருந்தார்கள். கான்ஸ்டபிள் எழுந்து தொப்பியைச் சரி செய்தார். முன்சக்கரம் கோட்டைத் தொட்டதும் அத்தனை நாள் சேர்ந்திருந்த சத்தம் ஒரே மூச்சில் வந்தது. தகரத் தடுப்புகள் சாய்ந்தன. “ஆளு இருக்கான்யா!” என்ற அலறலோடு கார் அவர்களைக் கடந்து, தூரத்துப் புல்லில் போய் நின்றது. வெல்டிங்காரர் இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டு, நேராக அவளிடம் நடந்து வந்தார். அன்று காலை போட்ட சோப்பு இன்னும் மணத்தது.

“எவ்வளவு?” என்றார்.

“ஆயிரத்து எழுநூத்தி அறுபது நாள்.”

அவர் அவள் காதோர நரையைப் பார்த்தார். காலையில் இடுப்பில் தூக்கி வைத்திருந்த மகள் அவர் நெஞ்சு உயரத்துக்கு நிற்பதைப் பார்த்தார். மகள் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, “ரொட்டிக்காரரு?” என்றார்.

“பதினாறு விநாடி.”

“சரி, தோத்துட்டேன். துணியக் குடுங்க, நடந்துட்டு வரேன்.”

துணியைக் காணோம், அன்றிலிருந்தே காணோம் என்று அவள் சொன்னாள். கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். மைக்குக்காரர், பழக்க தோஷம், மைக்கை வெல்டிங்காரரின் வாய்க்கு நேராக நீட்டினார். அங்கிருந்த எல்லோருக்கும் அது ஐந்து வருடப் பழைய சங்கதி. வெல்டிங்காரருக்கு அந்தக் கோபத்தின் வயது பதினான்கு விநாடி.

“காணோமா? இந்தாளு பாக்கெட்டுல கைய விட்டுப் பாருங்க,” என்றார். நாடு முழுக்கக் கேட்டது. “பாதையில ஆளு உக்காந்திருக்கான், நான் இன்னும் நடக்கலன்னு பஞ்சர் கெஞ்சினான். அவன் கையிலருந்து புடுங்கி, துணிய வீசினதே இந்த மைக்குக்காரருதான!”