டென்மார்க்குக்காரியின் குரல்

வேலை முடிந்து வந்த மனுஷன் வீட்டுக்குள் வரவேண்டும். என் வீட்டுக்காரர் தேவன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். போர்ச்சில் மைவி காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியையும் இறக்காமல், ஏர்கோனையும் போடாமல், இந்தக் கொளுத்தும் வெயிலில் சட்டை முதுகோடு ஒட்ட உட்கார்ந்திருக்கிறார். திரையை விலக்கிப் பார்த்தால் கண்ணை மூடியிருக்கிறார். உள்ளே ஒரு பொம்பளை பாடுகிறாள். தமிழுமில்லை, மலாயுமில்லை. நான் செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே வந்தால் உடனே பாட்டு நின்றுவிடும்.

"என்ன பாட்டு?" என்று கேட்டேன். "சும்மா" என்றார். சும்மாவாம்! டி.எம்.எஸ். பாட்டைத் தாண்டி இந்த மனுஷன் வேறு எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஐம்பதைத் தாண்டிய தேவனுக்கு வெள்ளைக்காரி பாட்டின்மேல் திடீரென்று என்ன ஆசை?

அவர் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். பார்க்கத்தான் பார்த்தேன், எனக்கென்ன வெட்கம்? ஓர் ஆல்பம். அட்டைப் படத்தில் பனி மூடியதுபோல் ஒரு பெண்ணின் பாதி முகம். டென்மார்க் ராக் குழு என்று போட்டிருந்தது. அதே ஆல்பம்தான், தினமும். போட்டுக் கேட்டேன். கித்தார்கள் எல்லாம் சேர்ந்து தகரக் கூரையில் மழை கொட்டுகிற மாதிரி ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள், குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் பாடுகிறவள்போல் பாடினாள். பாட்டு நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள். அதை அவருக்குக் கொடுத்தவள் யார் என்பதுதான் என் கவலை.

பக்கத்து வீட்டு அஜீசாக்கா பாசார் மாலாம் இரவுச் சந்தையில் துணிக்கடை போடுகிறவர், ஊர் உலகம் தெரிந்தவர். அவரிடம் சொன்னேன். வீட்டில் பேசமுடியாததைப் பேசத்தான் ஆம்பளைகள் காரில் உட்காருவார்கள் என்றார். நெருப்பில்லாமல் புகையாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

யோசிக்க யோசிக்க எல்லாம் ஒன்றுகூடி வந்தது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை. "செவிடன் காதுல ஊதுன சங்குதான்" என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். போன் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். கோயில் கமிட்டிக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார். இன்னொன்றும் இருந்தது. நான் பேசும்போது புதிதாக என் முகத்தையே, வாயையே பார்க்கிறார். முதலில் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகுதான், தப்புச் செய்கிறவன்தான் பெண்டாட்டியை இப்படி உற்றுப் பார்ப்பான் என்று தோன்றியது. இத்தனை வருஷம் சமைத்துப் போட்டது இதற்குத்தானா என்று வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் புறப்பட்டு நின்றேன். கார் வந்தது. அவர் பாட்டைப் போட்டதும் நான் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்துவிட்டேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். நிறுத்தப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிப்பாட்டாதீங்க. இந்தப் பாட்டக் குடுத்தவ யாருன்னு தெரிஞ்சாகணும்."

அவர் என் வாயைப் பார்த்தார். பிறகு தானாகவே பாட்டை நிறுத்திவிட்டு ஸ்டீரிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவருடைய ஃபேக்டரியில் தகடு அடிக்கிற புது பிரஸ் மெஷினைப் பூட்ட டென்மார்க்கிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்திருந்தானாம். சின்ன வயதுப் பையன். கேன்டீனில் தன் ஊர்ப் பாட்டு என்று சொல்லி, தன் இயர்போன் ஒன்றை இவர் காதில் மாட்டிவிட்டானாம். இரைச்சலுக்குப் பின்னால் சின்னதாக ஒரு மணி வரும், அதுதான் இந்தப் பாட்டின் உயிர், கேட்கிறதா என்றானாம். இவர் தலையாட்டியிருக்கிறார்.

"கேக்கல மலரு. அன்னைக்கும் கேக்கல, இன்னைக்கும் கேக்கல."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. வருஷா வருஷம் ஃபேக்டரிக்குக் காது சோதிக்கும் வேன் வரும். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். போன வருஷம் சத்தத்தைப் போடும்போது நர்ஸின் தோள் அசைவதைப் பார்த்துப் பார்த்து அமுக்கிப் பாஸாகிவிட்டாராம். பிரஸ் லைனில் பாதிப் பேர் அப்படித்தானாம். இந்த முறை நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போடுகிறார்கள் என்று பேச்சு. தேறாவிட்டால் மெஷினைத் தொட முடியாது. ஸ்டோரில் போய் அட்டைப்பெட்டி மடிக்கவேண்டும். ஆனால் அவர் பயந்தது அதற்கு மட்டுமில்லை.

"ஒன் கொரலும் இப்படித்தான் லா இருக்கு. இரைச்சலுக்குள்ள எங்கயோ இருந்து வருது."

எந்தப் பொம்பளையாவது இருந்திருந்தால்கூடத் தேவலாம், போய் ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டாவது வந்திருப்பேன்.

அவர் மறுபடியும் பாட்டைப் போட்டார். ஒருவேளை அந்தப் பையன் விளையாட்டுக்குச் சொல்லியிருக்கலாம் என்றார். மணியே இல்லாமலும் இருக்கலாம், உனக்கும் கேட்கவில்லையென்றால் என் காதில் கோளாறு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம் என்றார். சொல்லிவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கித்தார் மழை கொட்டியது. அவள் பாடினாள். அதற்கும் பின்னால், கண்ணாடிக் கிளாஸில் யாரோ கரண்டியால் தேத்தண்ணி கலக்குவதுபோல், மணி. டிங், டிங் என்று அவ்வளவு சுத்தமாக.

"உண்மையச் சொல்லு. கேக்குதா?"

"எங்க லா மணி? ஒரே இரைச்சல். எனக்கு ஒன்னும் கேக்கல."

அவர் மூச்சு விட்டார். முகம் இளகியது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அப்போது அவர் பார்வை என் முகத்திலிருந்து மெல்லக் கீழே இறங்கியது. மடியில் இருந்த கைப்பையின்மேல், என் ஆள்காட்டி விரல், நானறியாமல், மணியின் ஒவ்வொரு டிங்குக்கும் தட்டிக்கொண்டிருந்தது.

நான் நிறுத்தினேன். அவர் என் விரலை எடுத்து மறுபடியும் பையின்மேல் வைத்தார். தன் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு, அது அசையக் காத்திருந்தார்.