குதித்தவன் பெயர்

எங்கள் லாரிக்காரர்களை எதைச் சொல்லித் திட்டினாலும் உறைக்காது. குடிகாரன் என்றால் சிரிப்போம். சரக்கில் கை வைத்தவன் என்றால் யார்தான் வைக்கவில்லை என்போம். ஊருக்கு ஒரு குடும்பம் வைத்திருப்பவன் என்றால் மீசையை முறுக்குவோம், மீசை இல்லாதவன்கூட. ஆனால் குதித்தவன் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. வண்டி பள்ளத்தில் சாயும்போது, சரக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் ஜனங்களை விட்டுவிட்டு, தான் மட்டும் கதவைத் திறந்து வெளியே பாய்ந்தவன் என்று அதற்கு அர்த்தம். அந்த ஒரு சொல்லுக்காகக் கத்தியை எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

போன ஜூலையில் அந்தச் சொல் என் தலையில் விழுந்தது. போட்டது என் மகள் யோவானா. இங்கிலீஷில் போட்டாள், அதனால் எனக்கு உடனே வலிக்கவில்லை.

யோவானா வெளிநாட்டுக்காரர்களைச் சைக்கிளில் யுங்காஸ் பழைய மலைச்சாலையில் இறக்கிக் கூட்டிப்போகிறவள். புதுச் சாலை வந்தபிறகு பழையதில் லாரிகள் போவதில்லை. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கிய இடத்தில் இப்போது காசு கொடுத்து இறங்குகிறார்கள், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, கூச்சல் போட்டுக்கொண்டு. உலகத்துக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நான் சொல்லாத நாளில்லை. ஆனாலும் மகள் இங்கிலீஷ் பேசுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு பெருமை. ஒரு வார்த்தை புரியாது. வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன்.

டிரைவர்களின் காவலரான புனித கிறிஸ்தோபர் திருநாளில் எங்கள் சங்கம் பழைய டிரைவர்களை மினிபஸ்ஸில் ஏற்றி அந்தச் சாலை வழியே கீழே கூட்டிப்போகும். வண்டி விழுந்த இடமென்று சிலுவை நிற்கிற வளைவுகளில் எல்லாம் நிறுத்துவோம். மெழுகுவத்தி, கோக்கா இலை, பூமித்தாய்க்குக் கொஞ்சம் சாராயம், மிச்சம் எங்களுக்கு. அன்று நாங்கள் ஒரு ஏழெட்டுக் கிழவர்கள் இருந்தோம். மலைக்கணவாயில் வழக்கப்படி நாய்களுக்கு ரொட்டி வீசிவிட்டு மினிபஸ் இறங்கத் தொடங்கியதும் என் பழைய கூட்டாளி கசியானோ என்னைச் சீண்ட ஆரம்பித்துவிட்டான்.

"டேய் செனோன், சன்னலோரமா உக்காருடா. காலம் பூரா ஓரத்துலயே ஓட்டுனவன், இப்ப என்ன நடுவுல பதுங்குற?"

"அப்ப ஸ்டியரிங் என் கையில இருந்துச்சு. இப்ப உன் மருமகன் கையில இருக்கு. பயப்படாம என்ன செய்யச் சொல்ற?"

வண்டியே குலுங்கச் சிரித்தோம். மருமகனும் சிரித்தான். பின்சீட்டில் இலாரியோன் மட்டும் சிரிக்கவில்லை. மடியில் மெழுகுவத்திப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான்.

ஓரத்தில் ஓட்டுவது பற்றிச் சொல்லிவிடுகிறேன். இறங்குகிற வண்டி பள்ளத்துப் பக்கமாகத்தான் போக வேண்டும். இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் டிரைவர் தலையை வெளியே நீட்டித் தன் டயர் எங்கே உருள்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம், அதற்காக. கதவைத் திறந்தால் காலுக்குக் கீழே மேகம்தான். எதிரே ஏறுகிற வண்டி வந்தால், இறங்குகிறவன்தான் அகலமான இடம் கிடைக்கும்வரை பின்னால் போக வேண்டும். மழையில், மூட்டத்தில், பின்சக்கரம் தெரியாமல், ஆளைக் கீழே இறக்கிக் கையைக் காட்டச் சொல்லி. அருவி நேரே கூரையில் விழும், பிரேக் நனைந்து பிடிக்காது. மண் சரிந்தால் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாங்களே வெட்ட வேண்டும். வெட்டி முடியும்வரை சரக்கில் இருக்கிற ஆரஞ்சுதான் சாப்பாடு. வயிறு புண்ணாகிவிடும். இன்ஜின் சூட்டில் வலது கால் வெந்துபோகும், சன்னல் குளிரில் இடது கை மரத்துப்போகும். தூக்கம் வராமலிருக்கக் கோக்காவைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே என் பற்கள் போயின. இதையெல்லாம் யோவானாவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கொட்டாவி விடுவாள்.

சொல்லாதது ஒன்று உண்டு. இலாரியோன் கதை.

அவன் பீர்ப் பெட்டி ஏற்றிக்கொண்டு இறங்கிய நாள். பெட்டிகளின் மேலே வழக்கம்போல ஜனங்கள். ஒரு வளைவில் எதிரே லாரி ஏறி வந்தது. முறைப்படி இவன் பின்னால் போனான். ஊறிப்போன ஓரம் அப்படியே இளகியது. இவன் கதவைத் திறந்து பாய்ந்தான், கீழே ஒரு புதர்மரத்தில் மாட்டிக்கொண்டான். லாரி போய்விட்டது. மேலிருந்த ஒருவரும் திரும்பவில்லை. நான் பின்னால் வந்துகொண்டிருந்தேன். கயிறு போட்டு அவனை இழுத்தது நான்தான். மேலே வந்தவன் ஒரே ஒரு வார்த்தை கேட்டான். "யாராச்சும்?" நான் இல்லையென்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. லா பாஸ் நகரத்தில் டயர் பஞ்சர் ஒட்டினான். சங்கத்தில் அவன் உட்கார்ந்த மேசையில் யாரும் உட்கார மாட்டார்கள், நானும் கசியானோவும் தவிர. ஆனால் ஒரு தர்மம் காத்தோம். குதித்தவன் யார் என்று எங்கள் வாயிலிருந்து வெளியே போனதில்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட, "ஒருத்தன் குதிச்சுப் பொழச்சான்" என்பதோடு நிறுத்திக்கொள்வோம். அதை அவனுக்குச் செய்கிற பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வளைவுக்கு மினிபஸ் வந்தபோது அங்கே சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன. மஞ்சள் சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் சிலுவையைச் சுற்றி நின்றிருந்தார்கள். நடுவில் யோவானா. கண்ணுக்குத் தெரியாத ஸ்டியரிங்கைத் திருப்பினாள். முகத்தில் திகிலைக் காட்டினாள். கதவைத் திறந்தாள், தாவினாள், இரண்டு கைகளாலும் ஒரு கிளையைப் பிடித்துக்கொண்டு காலை உதறினாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி போட்டோ எடுத்தாள்.

நாங்கள் இறங்கினோம். என்னைப் பார்த்ததும் யோவானாவின் கைகள் அப்படியே நின்றன. அதற்குள் பக்கத்தில் இருந்த ஒரு நெட்டையன் அவளிடம் ஏதோ கேட்டு என்னைக் காட்டினான். அவள் பதில் சொல்லவில்லை. சாயலைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது. என் முன்னால் வந்து, கிளையைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி செய்து காட்டி, என் நெஞ்சில் விரல் வைத்து, "பப்பா? பப்பா?" என்றான். மொத்தக் கூட்டமும் எனக்குக் கை தட்டியது.

கசியானோ தரையைப் பார்த்தான். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. மகளைக் கையைப் பிடித்துப் பாறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"என்னடி சொன்ன இவங்ககிட்ட?"

"அப்பா, சும்மா ஒரு கதைப்பா. நீங்க குதிச்சுத் தப்பிச்சீங்கன்னு... உங்களத்தான் வீரனாக் காட்டுறேன்."

"நான் எப்படி குதிச்சேன்? ஒரு ஆணி விழுந்ததில்ல என் வண்டியிலேர்ந்து!"

"அதத்தான் சொல்றேன். ஒண்ணுமே ஆகாம ஓட்டுனாருன்னு சொன்னா எவன்ப்பா கேப்பான்? இங்க நின்னு இதச் சொன்னாத்தான் அவங்களுக்குப் புடிக்குது."

"குதிச்சவன்னா எங்களுக்கு என்னன்னு தெரியுமாடி உனக்கு? செத்தவங்களையும் சேத்துச் சொன்னியா, இல்ல அவன் தொங்குனத மட்டும் ஆடிக் காட்டுனியா?"

அவள் மெல்லக் கேட்டாள். "யாருப்பா அது? நீங்க யாருமே பேரச் சொன்னதில்லையே."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இலாரியோன் எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தான். தொப்பி கையில் இருந்தது. அவன் முழு முகத்தை வெயிலில் பார்த்து எத்தனை காலமோ ஆகியிருந்தது.

"புள்ளையத் திட்டாத செனோன்," என்றான். "வாம்மா. இவங்களுக்கு நான் ஒண்ணு சொல்லணும். நீ அவங்க பாஷையில சொல்லு."

"இலாரியோன், வேண்டாம்டா," என்றேன்.

"உன் பேர்ல கை தட்டுறாங்கடா. நான் கேட்டுட்டு நிக்கிறதா?"

சிலுவைக்குப் பக்கத்தில் போய் நின்றான். வெள்ளைக்காரர்களில் ஒருவன் மரியாதையாக ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"குதிச்சது இவன் இல்ல. நான்," என்றான் இலாரியோன். "மழை பேஞ்சுச்சு. ஜனங்க நனையக் கூடாதுன்னு தார்ப்பாயப் போத்தி நான்தான் இறுக்கிக் கட்டுனேன். நல்ல முடிச்சு. எனக்கு முடிச்சுப் போட வராதுன்னு யாரும் சொன்னதில்ல. வண்டி சாயும்போது உள்ளேர்ந்து அவுக்கப் பாத்தாங்க, அந்தக் கைங்க தார்ப்பாயில முட்டுறது கண்ணாடியில தெரிஞ்சுச்சு. என் கதவுக்கு முடிச்சு இல்ல. நான் தொறந்துட்டேன்."

கசியானோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். தார்ப்பாய் சமாச்சாரம் எனக்கே அன்றுதான் தெரியும். கூடவே இருந்தேன் என்று பெருமை வேறு. ஒரு நாள்கூட அவனைக் கேட்டதில்லை.

இலாரியோன் பெயர்களைச் சொன்னான். தெமெத்ரியோ, அவன் மனைவி பௌலினா. கொரோய்க்கோ பள்ளிக்கூட வாத்தியார் சவேரியோ. யோலோசாவில் கடை வைத்திருக்கிற பெலிசாவின் கணவன் அனாஸ்தாசியோ, அவள் மகள் நியேவெஸ். இன்னும் சொன்னான், ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் நிறுத்தி. "கடைசியா ஒரு பொம்பள. வயித்துல புள்ள. சிவப்புப் போர்வை. பேரு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. கேட்டேன், யாருக்கும் தெரியல." யோவானாவைப் பார்த்தான். "சொல்லும்மா. எல்லாத்தையும் சொல்லு."

யோவானா அந்தக் கூட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் ஏதோ சொன்னாள்.

எனக்கு அந்த மொழி தெரியாதுதான். ஆனால் நான் செவிடன் இல்லை. அத்தனை பேருக்கு அவள் சொன்னது ஒரே ஒரு வரி. அதில் தெமெத்ரியோ இல்லை, பௌலினா இல்லை, நியேவெஸ் இல்லை. பெயர் எந்த மொழியிலும் பெயர்தானே?

வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். இந்தத் தடவை மெதுவாக, பணிவாக. போட்டோ எடுத்தவள் வந்து இலாரியோனைக் கட்டிக்கொண்டாள். நெட்டையன் அவன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினான். இலாரியோன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். வாய் கோணிக்கொண்டு வந்தது. குழந்தை மாதிரி அழுதான்.

"மன்னிச்சுட்டாங்கடா செனோன்," என்றான். "எல்லாத்தையும் கேட்டுட்டும் மன்னிச்சுட்டாங்க."

சைக்கிள்கள் கிளம்பும்போது நான் யோவானாவின் கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினேன்.

"என்னடி சொன்ன?"

"இவரும் ஒரு பழைய டிரைவர், செத்துப்போன கூட்டாளிங்களுக்காக வேண்டிக்கிறாருன்னு." அவள் கண்ணில் நீர் நின்றது. "வாய் வரலப்பா. நான் ஆடிக் காட்டுன கதைக்கு அவங்க சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. அந்த வாயால எப்படிப்பா நான் அதச் சொல்லுவேன்?"

அறைய ஓங்கிய கை ஓங்கியபடியே நின்றது. அவளை அறைய எனக்கு என்ன யோக்கியதை? பெயரைச் சொல்லாதே, வாயைத் திறக்காதே என்று அவளுக்குப் பழக்கிக் கொடுத்ததே நாங்கள்தானே. உபகாரம் என்று நான் நினைத்தது, அவன் கதையைக் கேட்கிற சங்கடம் எனக்கு வேண்டாம் என்பதற்காகத்தான். அந்த வளைவில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது. எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை.

மினிபஸ்ஸில் இலாரியோன் முன்சீட்டில் உட்கார்ந்தான். பேசினான். மனுஷன் இத்தனை பேசுவான் என்று எங்களுக்குத் தெரியாது. அருவியைக் காட்டினான், பழைய சாப்பாட்டுக்கடை இருந்த இடத்தைக் காட்டினான், கசியானோவின் முதல் லாரியைக் கேலி செய்தான். கசியானோ சிரிக்க முயன்றான். என்னைப் போலவே அவனும் பெயர்கள் இல்லாத அந்த ஒரு வரியைக் கவனித்திருக்கிறான், அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

யோலோசா வந்ததும் இலாரியோன் மருமகனின் தோளைத் தட்டினான். "இங்க நிறுத்துப்பா. பெலிசா கடைகிட்ட."

நாங்கள் எல்லாரும் வருஷா வருஷம் அவளிடம் பொரித்த மீன் சாப்பிடுவோம். இலாரியோன் மட்டும் வண்டியைவிட்டு இறங்கியதே இல்லை. தலையை முழங்காலில் வைத்துக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடப்பான்.

"எதுக்குடா?" என்றேன்.

"முன்னப்பின்ன தெரியாதவங்களே கேட்டுட்டுக் கட்டிப்புடிச்சாங்க. அவகிட்ட சொல்றதுக்கு இப்பத்தான் எனக்குத் தைரியம் வந்திருக்கு. நீ கூட வா."

இறங்கினேன். கடை பூட்டியிருந்தது, பின்னால் வீட்டில் வானொலிச் சத்தம் கேட்டது. இலாரியோன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். தலையைக் கையால் வாரிக்கொண்டான். கதவுக்கு முன்னால் போனவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"செனோன், உன் மக எல்லாத்தையும் சொன்னாள்ல? தார்ப்பாய் கட்டுனது, அந்த முடிச்சு... அதையும் கேட்டுட்டுத்தானே அவங்க கை தட்டுனாங்க?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவன் மினிபஸ்ஸுக்குத் திரும்பியிருப்பான். தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, சாகிறவரை.

"ஆமாடா," என்றேன். "ஒண்ணு விடாம சொன்னா."

அவன் கதவைத் தட்டினான்.