அல்சர் மாத்திரை

செத்துப்போன அக்காவின் ஈரத் தலைமுடியைச் சின்னவள் துவட்டிக்கொண்டிருந்தபோது, மாப்பிள்ளைக்கு இன்னும் வயசிருக்கிறது என்று பெரியம்மா பேச்சை ஆரம்பித்தாள்.

அறை சின்னது. கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்திவிட்டுத் தரையில் பாய் விரித்து அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உடம்பைத் தொட ஒருவரும் முன்வரவில்லை. தெருப் பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். மஞ்சள் காமாலை முத்திவிட்டது என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். யாரும் நம்பவில்லை, யாரும் மறுக்கவுமில்லை. சின்னவள்தான் வெந்நீரில் துணி நனைத்து முகத்திலிருந்து பாதம் வரை துடைத்தாள்.

அப்படியொரு நோய் தனக்கு வரும் என்று அக்காவுக்குத் தோன்றியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடத்தை வீட்டில் படித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீச்சர் அடுத்ததற்குப் போய்விட்டாள். டீவியில் அந்த விளம்பரம் வந்தால் அம்மா சானலை மாற்றுவாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று மாமியார் வீட்டிலேயே பார்த்துக்கொண்டதில் ரத்தப் பரிசோதனையும் நடக்கவில்லை. சின்னவள் காஜா அடிக்கும் துணிக் கம்பெனிக்கு ஒருமுறை சுகாதாரத் துறைக்காரர்கள் வேனில் வந்து இதைப் பற்றிப் பேசினார்கள். சூப்பர்வைசர் ஆண்களை மட்டும் ஹாலுக்கு அனுப்பினார்; கல்யாணமாகாத பிள்ளைகள் காதில் இதெல்லாம் எதற்கு என்றார். கெட்டு அலைகிறவர்களுக்கு வருவது அது, அவ்வளவுதான் தெரியும். அக்கா வீட்டை விட்டு இறங்கினால் தண்ணீர்க் குழாய் வரைக்கும்தான் போவாள். உடம்பு இளைத்தபோது கவலை என்றார்கள். வாய்ப்புண் ஆறாதபோது சூடு என்றார்கள்.

பெரியாஸ்பத்திரியில் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது. வார்டு நர்ஸ்தான் அக்கா, தங்கை இருவரிடமும் எச்.ஐ.வி. என்று ஒளிக்காமல் சொன்னாள். முன்னாலேயே வந்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு எத்தனையோ வருஷம் நல்லபடியாக இருந்திருக்கலாம். தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் வராது என்றாள். பிறகு அக்காவின் உள்ளங்கையில் ஒரு மாத்திரையை வைத்தாள். அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது அவரோட அல்சர் மாத்திரைடி," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைக் கண்டதுபோலச் சொன்னாள். அவள் புருஷன் பெயின்டர். மாதக்கணக்கில் வெளியூர்க் கட்டடங்களில் வேலை. பெயின்ட் வாசனையில் வயிறு கெட்டுவிட்டது என்று தினமும் சாப்பிட்டபின் ஒன்று போடுவார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தது அக்காதான்.

அம்மாவுக்கு நோய் தெரியும். மாத்திரை விஷயம் தெரியாது.

பெரியம்மா இன்னும் நிறுத்தவில்லை. குழந்தைக்கு வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பார்ப்பாளா, சித்தியே அம்மாவாகிவிட்டால் ஒட்டுதல் விட்டுப்போகாது, மாப்பிள்ளையிடம் ஜாடையாகக் கேட்டாயிற்று, அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாவும் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னவள் துண்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். அக்கா புருஷன் ஆண்களோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, தினம் போடறீங்களே, அது என்ன மாத்திரை?"

அவர் கை சட்டைப்பையை மூடிக்கொண்டது.

"அக்காவுக்கு மஞ்சள் காமாலை இல்ல. எய்ட்ஸ். அதே மாத்திரையைத்தான் ஆஸ்பத்திரியில அவளுக்கும் குடுத்தாங்க. உங்களுக்கு எப்பவோ தெரியும். ஒரு வார்த்தை அவகிட்ட சொல்லியிருந்தா, உங்களை மாதிரி அவளும் இன்னிக்கு உக்காந்திருப்பா."

அம்மா ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள். இனி உன்னை யாருடி கட்டுவான் என்று காதோரம் கெஞ்சினாள். சின்னவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கட்டலைன்னா போகட்டும்மா. கட்டறவன் டெஸ்ட் எடுத்துட்டு வரட்டும்."

சாவு வீட்டில் பேசுகிற பேச்சா இது என்றார் ஒரு பெரியவர். பெயின்டர் எழுந்து தெருமுனை வரை நடந்து, அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பெரியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள்.

சின்னவள் உள்ளே வந்து சீப்பை எடுத்தாள். எதிர்வீட்டு இஸ்திரிக்காரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவள் புருஷனும் கட்டட வேலைக்கு வெளியூர் போகிறவன்தான். அக்காவின் தலையைத் தூக்கி, சீவ வாகாகத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குனிந்தபடியே கேட்டாள்.

"அந்த டெஸ்ட் எங்க எடுக்கறாங்க?"

"பெரியாஸ்பத்திரி பின்பக்கம். காசு இல்ல. யார்கிட்டயும் சொல்லவும் மாட்டாங்க."

"புருஷன்கிட்ட?"

"நீங்க சொன்னாத்தான்க்கா."

அடக்கம் முடிந்த மறுநாள், சின்னவள் அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். அதற்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அம்மா அவளோடு பேசவில்லை. ஆனால் குழந்தைக்கு நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுவிட்டிருந்தாள்.

ஸ்டாப்பில் இஸ்திரிக்காரியோடு தெருப் பெண்கள் இன்னும் இருவர் நின்றிருந்தார்கள். ஒருத்தி துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். மற்றவள் அம்மா வீட்டுக்கு என்று சொல்லியிருந்தாள். அவள் அம்மா வீடு எதிர்த்திசையில் இருந்தது. இஸ்திரிக்காரி அதைச் சொல்லிக்காட்டியதும் மூவரும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பஸ் நெரிசலாக வந்தது. கண்டக்டர் எங்கே என்று கேட்டதும் மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

"பெரியாஸ்பத்திரி. நாலு," என்றாள் சின்னவள், பின் சீட்டுவரை கேட்கும்படி.

குழந்தை டிக்கெட்டுகளை எட்டிப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தது. இஸ்திரிக்காரி விரலை விட்டு அவற்றை எடுத்து, எச்சிலை முந்தானையில் துடைத்து, அதன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.