எழிலின் கையைத் துடைத்த பஞ்சு

வடிவு குளியலறையிலிருந்து கூப்பிட்ட குரலிலேயே ஏதோ சரியில்லை என்று தங்கை யுவராணிக்குப் பட்டுவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

"எழிலு தொட்டா வலிக்குதுன்றாடி. மார்ல ரெண்டு பக்கமும் கட்டி மாதிரி கீது. கேன்சரா இருக்குமா?"

எழிலரசிக்கு ஐந்து வயது. கலியாணமாகிப் பத்து வருஷம் கழித்து வடிவுக்குப் பிறந்த ஒரே பிள்ளை.

அது புற்றுநோய் இல்லை என்று யுவராணிக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வயதில் வரவேண்டிய பருவம் ஐந்து வயதிலேயே எட்டிப் பார்க்கிறது. "கேன்சர் இல்லக்கா. வியாழக்கிழமை டாக்டராண்ட காட்டலாம்" என்றாள்.

அம்பத்தூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் மூலக்கூறு உயிரியல் ஆராய்ச்சியாளர். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் உயிரணுவுக்குள் நுழைந்து எந்த மரபணுவை எப்படித் தட்டி எழுப்புகிறது என்று நான்கு வருஷமாக ஆராய்கிறாள். அந்த ஹார்மோனின் வெள்ளைப் பொடியை எடை போடுவது அவள்தான். கையுறை உண்டு, கோட்டு உண்டு. ஆனால் போன மாதம் துளி பொடி மேஜையில் சிந்தியது. துடைத்தாள். சரியாகத் துடைத்தாளா? தினமும் பருத்திப்பட்டில் அவள் தங்கியிருக்கும் அக்கா வீட்டுக்குள் கால் வைத்ததும் "சித்தி!" என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்வது எழில்தான். சித்தியின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டுதான் தூங்கும்.

அன்று எழில் ஓடிவந்தபோது யுவராணி தட்டிவிடாத குறையாக விலகிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தன் பை, துப்பட்டா, தலையணை எல்லாவற்றையும் துடைத்துத் தனித்தனிக் குப்பிகளில் போட்டாள். எழிலின் கைகளைத் துடைத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஒருத்தரும் வேண்டுமே என்று அக்காவின் கையையும் நீட்டச் சொன்னாள்.

"இன்னாத்துக்குடி இது?"

"ஆபீஸ்ல ஒரு டெஸ்ட்டுக்கா." பொய் சொல்லிவிட்டுக் குப்பியை மூடினாள்.

ஆய்வுக்கூடத்தில் அவள் வளர்க்கும் உயிரணுக்கள் ஈஸ்ட்ரோஜன் பட்டால் ஒளிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைக் கருவி எண்ணாகச் சொல்லும். அதற்கு ஒரு நாளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ரயிலில் தன் கைகளை மடியில் வைக்கவே பயமாக இருந்தது. குழந்தையின் எலும்பு அவசரமாக வளர்ந்து அதோடு நின்றுவிட்டால்? எட்டு வயது ஆகுமுன் பெரியவளாகி உட்கார்ந்துவிட்டால்? அக்காவிடம் எந்த முகத்தோடு சொல்வது?

புதன்கிழமை கருவியில் எண்கள் வந்தன. பையில் ஒன்றும் இல்லை. துப்பட்டாவில் இல்லை. தலையணையிலும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழிலின் கையில் இருந்தது. அக்காவின் கையில் இருந்ததோ கருவி அளக்கும் எல்லையையே தாண்டியிருந்தது.

நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. அரை நாள் லீவு போட்டு வீட்டுக்கு ஓடினாள். எழில் பள்ளியிலிருந்து வந்திருக்கவில்லை.

"அக்கா, கையில இன்னா தடவுற?"

வடிவின் முகம் மாறியது. பீரோவில் புடவைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு டியூபை எடுத்து வந்தாள். போன வருஷம் அவளுக்குக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்கிறது என்றதற்கு டாக்டர் எழுதிக் கொடுத்த ஹார்மோன் ஜெல் அது. காலையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை தடவிய கையோடு எழிலைத் தூக்கிக்கொண்டு பள்ளி வேன் வரைக்கும் போவாள். டியூபில் பொடி எழுத்தில் இருந்த எச்சரிக்கையை யுவராணி படித்துக் காட்டினாள்.

"உங்க மாமாக்குகூட தெரியாது. வெக்கமா இருந்திச்சி... காயறவரைக்கும் யாரையும் தொடாதன்னு இதுல போட்டுக்கீதா? நான் எங்கடி படிச்சேன்?" டியூபைப் பார்த்தபடியே நின்றாள். "அப்ப எம்பொண்ணுக்கு நான்தான் பண்ணேனா?"

"அக்கா, மூணு நாளா நான்தான்னு நெனச்சி செத்துகினு இருந்தேன். உங்கிட்ட பொய் வேற சொன்னேன்."

வடிவு அவளை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையைப் பார்த்ததும் தானே பயந்து பின்னால் மறைத்துக்கொண்டு அழுதாள்.

வியாழக்கிழமை குழந்தை டாக்டர் எழிலின் கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பின் வளர்ச்சி வயதுக்கு ஏற்றபடியே இருந்தது. "ஜெல் படாம பாத்துக்குங்க, கட்டி தானா கரைஞ்சிடும்" என்றார். வடிவுக்கு அவளுடைய டாக்டர் ஜெல்லுக்குப் பதில் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கட்டி கரைய நாலு மாதம் ஆனது. யுவராணி வாராவாரம் தடவிப் பார்த்தாள். வடிவு இன்னும் முழங்கைவரை சோப்புப் போட்டுத்தான் குழந்தையைத் தூக்குகிறாள். மாத்திரைக்கு மாறியபின் அது தேவையே இல்லை என்று யுவராணி எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. எழிலும் பழகிக்கொண்டது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவதற்கு முன்னால் அம்மா முகத்தைப் பார்த்து, "கழுவிக்கினியா?" என்று கேட்கிறது.